மாதுவின் அண்ணன்

சென்னை சபாக்களில் 'மாது' என்று சொன்னால் போதும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சிரிக்கத் தயாராகிவிடுவார். கிரேஸி மோகனின் நாடகங்களில் கதாநாயகனுக்கு அந்தப் பெயர்தான். மாதுவாக வருபவர் மோகனின் சொந்தத் தம்பி பாலாஜி. வேடத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டு, இன்று ஊருக்கே அவர் 'மாது பாலாஜி'.

'கிரேஸி'யும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர் மோகன். சுந்தரம் கிளேட்டனில் வேலையும் பார்த்தார். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். திருடர்களுக்கு வைத்த அடைமொழி எழுதியவருக்கே பட்டமாகிவிட்டது! 1979-ல் 'கிரேஸி கிரியேஷன்ஸ்' பிறந்தது. அண்ணன் எழுத, தம்பி மாதுவானார்.

அதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்தவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான், எந்தச் சொல்லை இழுப்பான், திருதிருவென்று முழித்தால் முகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. தம்பி வாய்க்கு அளவெடுத்துத் தைத்த வசனங்கள் அவை.

சினிமாவில் அந்த இடம் நண்பர் கமல்ஹாசனுக்கு. அபூர்வ சகோதரர்கள், மைக்கேல் மதன காமராஜன், அவ்வை சண்முகி, தெனாலி, பஞ்சதந்திரம், வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். என்று வரிசை நீளும். காமேஸ்வரன் சமைத்த சாம்பாரில் மீன் விழுந்த காட்சியை இப்போது பார்த்தாலும் வயிறு வலிக்கும். ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது ஓடிப்போயிருக்கும். விட்டதைப் பிடிக்கவே இரண்டாம் முறை பார்த்தவர்கள் எத்தனை பேர்! சிலேடை சில சமயம் கொஞ்சம் ஓவர்தான். பஞ்சதந்திரம் ஓடும்போது குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பவும் வேண்டும். அதற்காக டி.வி.யை அணைத்தவர் யார்?

இத்தனை கலாட்டாவுக்கு நடுவே, படத்துக்குப் படம் கதாநாயகி பெயர் 'ஜானகி' என்றே வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது சிறுவயதில் மோகனை மேடையேறத் தூண்டிய பள்ளி ஆசிரியையின் பெயர். குருதட்சிணையைக்கூட வசனத்துக்குள் ஒளித்து வைத்த மனிதர். வெண்பா எழுதுவார், படம் வரைவார். அதையெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

2019 ஜூன் 10 அன்று மாரடைப்பு. வயது 66. அதே நாளில்தான் பெங்களூரில் கிரீஷ் கர்னாடும் மறைந்தார். நாடக உலகுக்கு ஒரே நாளில் இரண்டு அடி. மோகனின் செய்தி கேட்டவர்கள் அழுதுகொண்டே அவர் ஜோக்குகளைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வேறு எதைச் சொல்வது?

பாலாஜியின் நிலைமை வேறு. எழுத்தாளர் போனால் வாசகனுக்குப் புத்தகம் மிஞ்சும், அதை மூடி வைத்துவிட்டும் அழலாம். தம்பிக்கு மிஞ்சியது வசனம். அதை உரக்கச் சொல்ல வேண்டும். அதுவும் முகத்தில் துக்கம் துளியும் தெரியாமல்.

'சாக்லேட் கிருஷ்ணா'வை நினைத்துப் பாருங்கள். மாதுவுக்குத் தலைக்கு மேல் பிரச்னை. தீர்த்து வைக்க சாட்சாத் கிருஷ்ண பரமாத்மாவே வருவார். அந்தக் கிருஷ்ணர் வேடத்தில் மயிற்பீலியோடு வந்து நின்றவர் மோகன். தம்பி தவிக்க, அண்ணன் வந்து கை கொடுக்கும் கதை. இனி அந்த வேடத்தில் வேறு ஒருவர்தான் வர வேண்டும்.

ஆனாலும் மாது மேடை ஏறுகிறார். வாயைத் திறந்ததும் அரங்கம் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கும்வரை அவர் அசையாமல் காத்திருக்க வேண்டும். அடுத்த வரியும் அண்ணன் எழுதியதுதான்.