கோட்டையை விட ஊருணி பெரிது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

திருமயம் என்றதும் எல்லோரும் கோட்டையைச் சொல்கிறார்கள். நீங்களும் ஊருக்கு வந்தால் உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போடுகிறீர்கள். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, பெருமைதான். ஆனால் ஓர் ஊரின் குணத்தைக் கோட்டைச் சுவர் சொல்லாது. இருப்பதை அந்த ஊர் எப்படிப் பங்கிட்டுக்கொண்டது என்பதுதான் சொல்லும்.

நம் மலையையே பாருங்கள். ஒரே பாறையில் சிவனுக்கும் குடைவரை, பெருமாளுக்கும் குடைவரை. இரண்டு கோயிலாருக்கும் சண்டை வராமல் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி ஒருவர் முன்னிலையில் பேசித் தீர்த்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள்.

தண்ணீரிலும் அப்படித்தான். நம் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. பாம்பாறு மழை பெய்தால் ஓடும். அதனால் வயலுக்குக் கண்மாய், குளிக்கவும் மாடு கழுவவும் குளம், குடிக்க ஊருணி என்று தனித்தனியாக வெட்டினார்கள். ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத இந்தச் சட்டம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அந்தக் காலம் பொற்காலம்" என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாச் சாதியாரும் ஒரே துறையில் குடம் நனைக்க அன்று முடியாது. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டிக்கு நேர்ந்ததை நாடே பார்த்துத் தலைகுனிந்தது. அந்தப் பழைய அழுக்கு நமக்கு வேண்டாம். ஊருணியைக் காத்த பொறுப்பு மட்டும் வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வீடு போர், வாசலில் கேன் தண்ணீர். காசு கொடுத்தால் தண்ணீர் வந்துவிடும் என்றான பிறகு ஊருணியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வரத்துவாரியில் சீமைக்கருவேலம் மண்டுகிறது, கரையில் குப்பை சேர்கிறது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது என்ன ஆயிற்று? மாவட்டத்தின் கிழக்கே பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போரில் தண்ணீர் இருந்தது, மோட்டார் ஓடவில்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துத் தொட்டியை நிரப்பினார்கள். ஊருணிக்குக் கரண்ட் வேண்டாம், வாளியும் கயிறும் போதும்.

நம் திருமயத்தில் 1887இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி, 1939இல் சென்னை மேயரானார். அந்நகரத்தின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்தை விடாமல் வற்புறுத்திக் கொண்டுவந்தார். 1944இல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்று அதற்குப் பெயரே சத்தியமூர்த்தி சாகர். தலைநகரத்துக்குத் தண்ணீர் தேடிக் கொடுத்த மண்ணில் ஊருணி தூர்ந்து கிடக்கலாமா?

சிங்கப்பூரிலும் துபாயிலும் திருப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளே, திருவிழாவுக்கு வளைவு வைக்கிறீர்கள், ஃபிளெக்ஸ் அடிக்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். அதில் ஒரு பங்கை அவரவர் ஊர் ஊருணிக்கு ஒதுக்குங்கள். பணத்தை மட்டும் அனுப்பினால் போதாது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது. அன்று ஊரில் இருந்தால் போய் உட்காருங்கள். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து ஒருவரையாவது அனுப்புங்கள். "ஊருணிக்கு வரத்துவாரி எங்கே? யார் அடைத்தது? எப்போது திறப்பீர்கள்?" இந்த மூன்று கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

கோட்டையைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும். ஊருணிக்கு நம்மை விட்டால் ஆள் இல்லை.

உங்கள் ஊர் ஊருணி இப்போது எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். படமும் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்