கையிருப்பைச் சொல்லுங்கள்

2021 ஜனவரி 28ஆந் திகதி, இந்தியா நன்கொடையாக அனுப்பிய 5 இலட்சம் கோவிஷீல்ட் தடுப்பூசிகள் கட்டுநாயக்காவில் வந்திறங்கின. ஜனாதிபதியே சென்று பொறுப்பேற்றார். மறுநாட் பத்திரிகைகளெங்கும் அந்தப் படந்தான். மார்ச் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. முதலாவது ஊசியைப் பெற்றிருந்த சுமார் 6 இலட்சம் பேர், ஜூலை இறுதியில் யப்பானின் உதவி வரும்வரை, இரண்டாவதற்காகக் காத்துக்கிடந்தனர்.

ஏற்றிய ஊசிகளின் தொகையைத் தொற்றுநோயியல் பிரிவு நாள்தோறும் வெளியிட்டது. ஆனால் தன்னூர் நிலையத்தில் எத்தனை எஞ்சியிருக்கிறதென அறிய விரும்பிய கிழவி, விடியுமுன் சென்று வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. செல்வாக்குள்ளவனுக்கு இத்தொல்லை இல்லை. அவனுக்குத் தொலைபேசி இருக்கிறது.

கணக்கே இல்லையா? இருக்கிறது. தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, வரவு, செலவு, வீணானவை யாவும் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. அதை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்களாம்! சரியான தொகையை அறிந்தவன் ஏன் வீணாக முண்டியடிக்கப் போகிறான்?

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பர் சிலர். நல்ல சட்டம், மறுக்கவில்லை. அதன்படி அதிகாரி முடிவுசொல்ல 14 வேலைநாட்கள் எடுத்துக்கொள்ளலாம். திறந்த கோவிஷீல்ட் குப்பியின் ஆயுளோ 6 மணித்தியாலம்.

நாம் கேட்பது பெரிதல்ல. கோவிட்டானாலென்ன, விசர்நாய்க்கடியானாலென்ன, பதிவேட்டின் கடைசி வரியை ஒவ்வொரு காலையும் வைத்தியசாலை வாசலில் மூன்று மொழிகளிலும் எழுதி மாட்டுங்கள்.