ஜூனில் சேர்க்கை, நவம்பரில் நேர்காணல்

ஐஐஎம்களில் எம்பிஏ வகுப்புகள் ஜூன் வாக்கில் தொடங்குகின்றன. அக்டோபர், நவம்பரிலேயே கோடைப் பயிற்சிக்கான நேர்காணல்கள் வந்துவிடுகின்றன. 1961-இல் தொடங்கிய அகமதாபாத் ஐஐஎம் ஹார்வர்டிடமிருந்து பெற்ற கேஸ் ஸ்டடி முறையில், முந்தைய இரவே படித்துவந்து வாதாடினால்தான் வகுப்புக்கு உயிர். அந்த இரவுகளைத்தான் பயோடேட்டா திருத்துவது விழுங்குகிறது. ஒரு பருவம் முடிந்த கையோடு நிறுவனங்கள் எதைப் பார்த்து ஆளெடுக்கும்? பெரும்பாலும் பழைய கல்லூரியையும் பழைய மதிப்பெண்ணையும்தான். இதற்கு எம்பிஏ எதற்கு?

லட்சக்கணக்கில் கடன் வாங்கியவருக்கு வேலைதானே முக்கியம் என்பார்கள். நியாயம்தான். ஆனால், பயிற்சி தொடங்குவது ஏப்ரல் வாக்கில். நேர்காணல்களை ஜனவரிக்குத் தள்ளினால் யாருக்கும் வேலை குறையாது. ஒரு ஐஐஎம் மட்டும் தள்ளிப்போட்டால் பின்தங்கிவிடும் என்பதும் உண்மை. ஆகவே, எல்லா ஐஐஎம்களும் கூடிப் பேசி ஒரே தேதியை அறிவிக்க வேண்டும்.