அடுப்படியே ஆஸ்பத்திரியா?

அளவுக்கு மீறிய உதிரப்போக்குக்குத் தமிழில் 'பெரும்பாடு' என்று பெயர். மொழி அறிந்திருந்த அந்தப் பாட்டை எங்கள் வீடு அறியவில்லை. அம்மாவுக்குப் பத்தாண்டுகள் கஷாயம்தான். அதையும் அவளேதான் இடித்துக் காய்ச்சினாள். அப்பாவுக்கு நெஞ்சு கரித்தாலே கார் வந்துவிடும்.

சுக்குக் கஷாயம் வலிக்கு இதம் தரலாம்; கருப்பைக் கட்டியைக் கண்டுபிடிக்காது, இழந்த இரும்புச்சத்தை மீட்காது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவரானார். அவர் பிறந்த மண்ணில் இன்னும் பெண்ணுக்கு அடுப்படியே ஆஸ்பத்திரி.

கஷாயத்தை நான் பழிக்கவில்லை. முதலில் இரத்தப் பரிசோதனை, மருத்துவர், ஓய்வு. பிறகு கஷாயம். அதையும் வீட்டு ஆண்கள் காய்ச்சித் தரட்டும்.