விலாவைத் தொட்டுப் பாருங்கள்



நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் மாதம் தவறுவதில்லை. "குட்டிக்கு நாலு மாசம் ஆகுது. பக்கத்துத் தெருவுல இதே வயசுக் குட்டி இதைவிடப் பெருசா இருக்கு. எங்க குட்டிக்கு விலா எலும்பு கையில தட்டுது. உடம்பு பிடிக்க என்ன கொடுக்கலாம்?" சில கடிதங்களில் அது லேப்ரடார். சிலவற்றில் ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம். கூடவே ஒரு புகைப்படமும் இருக்கும். பெரும்பாலான படங்களில் நான் பார்ப்பது நன்றாக வளர்ந்துவரும் ஒரு குட்டியைத்தான். துறுதுறுப்பான கண், மினுங்கும் முடி, நீண்டுகொண்டே போகும் கால்கள், ஒடுங்கிய இடுப்பு. அதற்கு உடம்பு பிடிக்க எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அது அப்படித்தான் வளர வேண்டும்.

குழந்தையானாலும் கன்றானாலும் புஷ்டியாக இருந்தால்தான் நம் மனம் நிறைகிறது. பஞ்சத்தை நேரில் கண்ட தாத்தா பாட்டிகளிடமிருந்து நமக்கு வந்த பாசம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பெரிய இன நாய்க்குட்டியின் உடம்புக் கணக்கு வேறு. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரை கிலோவைச் சற்றே தாண்டும். ஒன்றரை, இரண்டு வயதுக்குள் 60 கிலோவையும் கடந்துவிடும். சிறிய இனங்கள் எட்டு, பத்து மாதத்தில் வளர்ச்சியை முடித்துக்கொள்ள, லேப்ரடார் போன்றவற்றுக்கு 15 முதல் 18 மாதம் ஆகிறது. அத்தனை காலமும் எலும்பின் நுனிகளில் வளர்ச்சித் தட்டுகள் மென்மையான குருத்தெலும்பாகவே இருக்கின்றன. எலும்பு இறுகுவதற்கு முன்பே மேலே சதையும் கொழுப்பும் ஏறினால் அந்தச் சுமையைத் தாங்குவது இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும்தான். இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு மரபணுவும் காரணம். ஆனால் பெற்றோரிடமிருந்து வந்ததை நம்மால் மாற்ற முடியாது. தட்டில் போடும் அளவை மாற்ற முடியும்.

இதைப் பொறுமையாகச் செய்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 1987இல் 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவையாகப் பார்த்து, 24 ஜோடிகளாகப் பிரித்தது. எட்டு வார வயதிலிருந்து ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான தீனி. இரண்டுக்கும் ஒரே தீனிதான். அளவில் மட்டுமே வேறுபாடு. அவை வாழ்ந்து முடியும் வரை கணக்கு வைத்தார்கள். 2002இல் வெளியான முடிவு இது: குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, கூடுதலாகத் தின்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் ஏறத்தாழ மூன்று ஆண்டு தள்ளிப்போனது. இரண்டு வயதில் எடுத்த எக்ஸ்ரேயிலேயே இடுப்பு மூட்டுக் கோளாறு ஒல்லிப் பிள்ளைகளிடம் தெளிவாகக் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் என்னை உலுக்கிய விவரம் வேறொன்று. கூடுதலாகத் தின்ற நாய்கள் நடக்க முடியாத குண்டு நாய்கள் அல்ல. உடல்வாகை ஒன்பது படிகளாகப் பிரித்துப் பார்க்கும் அளவுகோலில் அவை சராசரியாக ஏழாம் படியைக்கூட எட்டவில்லை. நம் தெருவில் நடந்து போனால் "நல்லா வளர்த்திருக்காங்க" என்று நாமே பாராட்டும் உடம்பு அது. பார்த்துப் பார்த்து நம் கண் அந்த அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது.

அதனால்தான் கண்ணைவிடக் கையை நம்பச் சொல்கிறேன். ஒரு கையை மேசைமேல் விரித்து வைத்து, புறங்கையில் முட்டிகளுக்குக் கீழே உள்ள எலும்புகளை மறுகை விரலால் இலேசாகத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முஷ்டியை இறுக்கி முட்டிகளைத் தடவும்போது இருப்பதுபோல் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல், அழுத்தினால்தான் எலும்பு தெரியும் என்றால் தீனி அதிகம். பிறகு குட்டியின் பின்னால் நின்று மேலிருந்து பாருங்கள்: விலாவுக்குப் பின் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அடிவயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். ஒன்பது படி அளவுகோலில் நான்கு அல்லது ஐந்து. வளரும் பெரிய இனக் குட்டி அங்கேயே இருக்கட்டும்.

வயிறு மட்டும் பானைபோல் உப்பி, விலாவும் முதுகெலும்பும் துருத்தி, முடி சொரசொரத்துப் போயிருந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் குடற்புழு. அந்தக் குட்டிக்கு வேண்டியது மலப் பரிசோதனையும் பூச்சி மருந்தும். கூடுதல் சோறு அல்ல.

சிப்பிப்பாறையும் கன்னியும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அவை ஓடிப் பிடிக்கும் வேட்டை நாய்கள். கடைசி இரண்டு மூன்று விலாக்கள் கண்ணுக்கே தெரிவது அவற்றுக்கு இயல்பு. லேப்ரடாரின் உடம்பை அவற்றிடம் தேடி, தயிர்சாதமும் முட்டையுமாக ஊட்டி உருட்டிவிடாதீர்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை எந்தப் பெரிய இனக் குட்டியும் சற்று விகாரமாகத்தான் தெரியும். பின்பக்கம் தோளைவிட உயர்ந்து நிற்கும், காது தலைக்குப் பெரிதாக இருக்கும், கால்கள் யாரோ மாட்டிவிட்டதுபோல் இருக்கும். பலரும் பயந்துபோய்த் தீனியைக் கூட்டுவது இந்த மாதங்களில்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டியின் இறுதி உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் மரபு. கூடுதல் தீனி அந்த உயரத்துக்கு அதைச் சீக்கிரம் கொண்டுபோகும், அவ்வளவுதான். சீக்கிரம் போவதில்தான் ஆபத்து.

எடை பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலைத் தீனிக்கு முன் பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பக்கத்து வீட்டுக் குட்டியின் எடையோடு ஒப்பிடுவதுதான் வேண்டாம். முழு வளர்ச்சியில் ஆண் லேப்ரடார் 29 கிலோவிலும் நிற்கலாம், 36 கிலோவிலும் நிற்கலாம், இரண்டும் சரியே. தாயும் தந்தையும் என்ன எடை என்று கேட்டு வைத்துக்கொள்வது எந்த அட்டவணையையும்விட உதவும். வால்தம் ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வளர்ந்தபின் 40 கிலோ வரை வரக்கூடிய நாய்களுக்கு ஆண், பெண் என்று தனித்தனியாக உண்டு. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடுகள் போலத்தான். குட்டி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பது பெரிதல்ல. தன் கோட்டை விட்டு இரண்டு கோடு மேலே ஏறினாலோ கீழே இறங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம்: கால்சியம் டானிக். குட்டி வாங்கிய அன்றே கடையில் ஒரு பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். "பெரிய பிரீடு, எலும்பு ஸ்ட்ராங்கா வரணும்" என்று காரணமும் சொல்கிறார்கள். வளர்ந்த நாயின் குடல் வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. உள்ளே போவதில் பெரும்பங்கு இரத்தத்தில் கலந்துவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாசவிங்கலும் அவருடைய குழுவினரும் 1980களில் கிரேட் டேன் குட்டிகளிடம் இதைக் காட்டினார்கள். கால்சியம் மிகுந்த தீனி தின்ற குட்டிகளிடம் குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலை தடுமாறியது. கால் வளைந்தது, மூட்டுக் குருத்தெலும்பு பாதிக்கப்பட்டது. எலும்பு பலப்பட என்று கொடுக்கும் மருந்து எலும்பைக் கெடுப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான உலர் தீனி கொடுக்கிறீர்கள் என்றால் டானிக்கை நிறுத்திவிடலாம். அமெரிக்க விதிப்படி, வளர்ந்தபின் 32 கிலோவோ அதற்கு மேலோ வரும் நாய்களின் குட்டித் தீனியில் கால்சியம், ஈரம் நீக்கிய கணக்கில், 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் குட்டிகளுக்கு ஏற்றதா இல்லையா என்று பையிலும் எழுதியிருக்க வேண்டும். வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். புரதத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கிரேட் டேன் குட்டிகளிடம் செய்த சோதனையில் அதனால் எலும்புக்குக் கேடு வரவில்லை.

வீட்டுச் சமையல் கொடுப்பவர்கள் நிலை நேர்மாறு. சோறும் எலும்பில்லாத கறியும் மட்டுமே தின்னும் குட்டிக்குப் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகக் குறைவு. உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். பிறகு சோபாவிலிருந்து குதித்தால்கூட எலும்பு முறியும். இங்கே கால்சியம் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை கிராம் என்பதைக் குட்டியின் எடையும் உணவும் தெரிந்த கால்நடை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

விற்பவர்கள் சொல்லும் "டபுள் போன்", "ஹெவி போன்" என்ற பேச்சுக்கும் காது கொடுக்காதீர்கள். அப்படி ஓர் இனமோ ரகமோ கிடையாது. முன்னங்கால் மணிக்கட்டு ஓரளவு பருத்திருப்பது வளரும் பெரிய குட்டிக்கு இயல்பு. அளவுக்கு மீறி வீங்கி, தொட்டால் வலித்தால் அது நோய். அதற்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. இதையும் நினைவில் வையுங்கள்.

லேப்ரடார் எப்போதும் பசியோடு பார்ப்பதற்கும் காரணம் உண்டு. பசியடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றில் சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்கு அது இருக்கிறது. ஆகவே அது கெஞ்சுவதை வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது. தட்டை நாளெல்லாம் நிரப்பி வைக்காதீர்கள். ஒரு நாளைய தீனியைத் தராசில் நிறுத்து, சின்ன வயதில் மூன்று நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை என்று பிரித்துக் கொடுங்கள். பிஸ்கட்டும் அந்தக் கணக்கில்தான். விலா கைக்கு எட்டாமல் போகிறதென்றால் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி தொட்டுப் பாருங்கள்.

வழுக்கும் டைல்ஸ் தரையில் ஒரு மிதியடியாவது விரியுங்கள். மூன்று மாதம் வரை மாடிப்படி ஏற விடாதீர்கள். மண் தரையில் தன் போக்கில் ஓடி விளையாடட்டும். அது மூட்டுக்கு நல்லது. குட்டி ஓரிரு நாளுக்கு மேல் நொண்டினால் "வளர்ற வலி" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடிதம் எழுதுங்கள், எப்போதும்போல் எல்லாவற்றையும் படிக்கிறேன். குட்டியின் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தெரிந்தால் தாய் தந்தையின் எடை, கடந்த நான்கு வார எடை, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீனி என்பதையும் சேர்த்து எழுதினால் நம் மருத்துவர் குழுவால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். படம் இரண்டு வேண்டும்: நிற்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முடி அடர்ந்த குட்டியானால் குளிப்பாட்டிய கையோடு, ஈரம் காயும் முன் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்