டெண்டர் எழுதுவதும் ஒரு தொழில்தான்

படிப்பை முடித்துவிட்டு என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் அண்மைக் காலமாக நான் ஒரு வேலையைச் சேர்த்துச் சொல்லி வருகிறேன். டெண்டர் எழுதும் வேலை. "அப்படி ஒரு வேலையா?" என்று பெற்றோர் வியக்கிறார்கள். இருக்கிறது.

எங்கள் புக்கிட் தெங்காவையே எடுத்துக்கொள்வோம். இங்கே தொழிற்பேட்டை. சற்றுத் தள்ளி பண்டார் பெர்டாவில் செபராங் பிறை மாநகர் மன்றம். தொழிற்சாலைகளுக்குத் துப்புரவும் கேன்டீனும் தொழிலாளர் வேனும் வேண்டும். மன்றத்துக்குப் புல் வெட்டவும் கால்வாய் சுத்தம் செய்யவும் குத்தகையாளர் வேண்டும். இந்த வேலைகளில் கைதேர்ந்த நம்மவர் பலர், தாளில் தோற்றுப் போகிறார்கள்.

"கேபள் இல்லாமல் கிடைக்காது" என்பது நம்மிடையே வழக்கமான பேச்சு. அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்த கோப்புகளில் பல, கேபள் குறுக்கே வருவதற்கு முன்பே விழுந்தவை. கட்டாயம் என்று போட்டிருந்த லாவாத்தான் தாப்பாக்குக்கு ஆள் போகவில்லை. நிதி அமைச்சின் மூன்றாண்டுப் பதிவு காலாவதியாகிவிட்டது. கேட்ட மூன்று மாத வங்கிக் கணக்கில் ஒரு மாதத்தைக் காணோம். நண்பகல் 12 மணிக்கு மூடிய பெட்டிக்கு உறை 12.10க்கு வந்தது.

இதைத் தடுப்பதே டெண்டர் எழுதுபவரின் முதல் வேலை. அறிவிப்பை வரி விடாமல் படித்து, கேட்டதையெல்லாம் பட்டியல் போட வேண்டும். பூமிபுத்ரா நிறுவனங்களுக்கு மட்டுமா, நிதி அமைச்சின் பதிவுக் குறியீடு பொருந்துகிறதா, கட்டுமான வேலையென்றால் ஜி1 முதல் ஜி7 வரையுள்ள சிஐடிபி தரங்களில் எது தேவை என்று முதல் நாளே பார்த்துவிட்டால் வீண் அலைச்சல் இல்லை.

அடுத்ததுதான் எழுத்து. முதலாளி அண்ணன் "நாங்க நல்லா செய்வோம்" என்பார். அதை அப்படியே எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. எத்தனை இயந்திரம், எத்தனை ஆள், ஒருவர் வராவிட்டால் பதில் ஆள் யார், இரண்டு நாள் மழை பெய்தால் அட்டவணை என்னவாகும் என்று துருவிக் கேளுங்கள். அவர் தமிழில் சொல்வதை மன்றத்துக்கு மலாயிலும் தொழிற்சாலைக்கு ஆங்கிலத்திலும் ஆதாரத்தோடு எழுதுங்கள். தமிழ்ப்பள்ளியில் மூன்று மொழியும் கற்ற பிள்ளைக்கு இது கைவந்த கலை. ஆனால், இல்லாத இயந்திரத்தை இருப்பதாக எழுதாதீர்கள். கையொப்பம் முதலாளியுடையது.

விலையை அவர்தான் முடிவு செய்வார். கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதோடு இபிஎப், சொக்சோ, எண்ணெய், பழுதுபார்ப்பு. இவற்றை விட்டுவிட்டு மலிவு விலையில் வென்றால், நான்காம் மாதம் தொழிலாளியின் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டிவரும். நீங்கள் போடும் ஓர் எண்ணில் பத்துக் குடும்பத்தின் அடுப்பு எரிகிறது.

இதற்கென்று தனிப் பட்டம் தேவையில்லை. கணக்கியல், பொறியியல், மொழி என எதைப் படித்தவரும் வரலாம். அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய ஏபிஎம்பி என்ற அமைப்பு இத்துறைக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். வேலை தேடும்போது 'டெண்டர் எக்சிகியூட்டிவ்', 'புரோபோசல் ரைட்டர்' என்ற பெயர்களில் தேடுங்கள்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. மாநகர் மன்ற அகப்பக்கத்தில் ஒரு செபுட் ஹர்கா அறிவிப்பைத் திறந்து, அதில் கேட்டிருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு அந்தத் தாளோடு, உங்கள் குடும்பத்தில் குத்தகை எடுக்கும் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ போய், எதெல்லாம் கைவசம் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் வாடிக்கையாளர் அவராகவே இருக்கலாம்.