ஆள் எடுப்பதில் நமக்குப் பேச்சில்லையா?

தோட்டத்துக்கு ஆள் எடுப்பது நிருவாகத்தின் உரிமை, அதில் தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் பேச்சில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நம்மவர்களிலும் பலர், "துரை யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நம் சம்பளம் வந்தால் போதும்" என்று இருந்துவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறு.

மற்றத் தொழில்களில் பொருத்தமில்லாத ஆளை வைத்துவிட்டால் அவனை நீக்கியதும் நஷ்டம் நின்றுவிடும். ரப்பர் மரத்தில் அப்படியில்லை. கன்று நட்டு, அடிமரம் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வருவதற்கே ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். அதன் பிறகு வெட்டுகிறவன் கை எப்படியோ அப்படித்தான் மரத்தின் ஆயுள். பால் அதிகம் ஓடுவது பட்டையின் உட்புறத்தில். அதற்கும் உள்ளே, பட்டையை மீண்டும் வளர்க்கும் மெல்லிய தோல் ஒன்று உண்டு. கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் முன்னதாக நின்றுவிட வேண்டும். மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே கத்தி ஓடாது. அவசரக்காரன் வெட்டிவிட்டுப் போய் எத்தனையோ ஆண்டுகள் கழித்து, வேறொரு தொழிலாளி அதே நிரையில் நின்று, வாளி நிரம்பாமல் மண்டோரிடம் ஏச்சு வாங்குவான். பால் ஏன் குறைவு என்று அவனைக் கேட்பவர்கள், அன்று ஆள் எடுத்தவர் யார் என்று கேட்பதில்லை.

செக்ரோல் எழுதுகிற கிராணி நான். தலை எண்ணிக்கை என் புத்தகத்தில் உண்டு. கைத்திறனுக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. குத்தகைக்காரர் லோரியில் கொண்டுவந்து இறக்கும் ஆட்களை மேலிடம் கணக்கிடுவதும் தலைக்கணக்கில்தான். பத்துப் பேர் குறைந்தால் பத்துப் பேர் வருவார்கள். அவர்களில் கத்தி பிடித்தவர் எத்தனை பேர் என்று பார்க்க ஒரு காலை வேளையாவது ஒதுக்குவதுண்டா? மறுநடவுக்குச் சாய்க்கப்போகும் பழைய மரத்தில் இரண்டு வாரம் வெட்டவிட்டு, மூத்த தொழிலாளி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். சிபாரிசுக் கடிதம் எதுவும் வேண்டாம். சொல்லிக் கொடுக்கும் அந்த மூத்தவருக்கு அந்நாட்களுக்கு முழுச் சம்பளம் உண்டு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அதையும் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள்!

கைத்திறனைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வேலைக்கு வருகிறவன் எந்த நிலையில் வந்து சேர்கிறான் என்பதே அது.

நம் முன்னோர் கங்காணியின் முன்பணத்தில் கட்டுண்டு வந்த கதை எல்லோரும் அறிந்தது. ஆள் பெரட்டுக்கு வந்த நாளுக்கெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்திலேயே, 1907-இல் சட்டம் போட்டுத் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, கப்பல் கட்டணத்தை அதிலிருந்து கொடுத்தார்கள். தொழிலாளி மீதுள்ள கருணையால் அல்ல, ஆள் பஞ்சத்தால். ஒருவர் செலவழித்துக் கொண்டுவந்த ஆளைப் பக்கத்துத் தோட்டத்தார் இழுத்துக்கொண்ட தொல்லையும் இருந்தது. காரணம் எதுவானாலும், ஆளைக் கொண்டுவரும் செலவு ஆள் தேவைப்படுகிறவருடையது என்பதை வெள்ளைக்காரத் துரைமாரே ஒப்புக்கொண்டார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் தடை விதித்ததும் அந்த ஆள்கட்டும் முறை முடிவுக்கு வந்தது.

இன்றோ, வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறவர்களில் பலர், ஊரில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வருகிறார்கள். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1997-இல் ஏற்றுக்கொண்ட 181-ஆம் உடன்படிக்கையின் விதி. நூறாண்டுக்கு முன் முதலாளி கொடுத்ததை இப்பொழுது தொழிலாளி கொடுக்கிறான். கடன்பட்டவன் எடை தப்பாக இருந்தாலும் பேசமாட்டான்; கூரை ஒழுகினாலும் பேசமாட்டான். சில நிருவாகங்களுக்கு அவன்தான் "நல்ல ஆள்".

தோழர்களே, இவர்களால்தான் நம் பிழைப்புக் கெட்டது என்று தேநீர்க் கடைகளில் பேசுகிறோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது, அது அவர்களுக்கும் சேர்த்துத்தான் உயர்ந்தது. அவர்களிடம் பிடித்தம் என்ற பெயரில் அதைக் கரைக்க விட்டால், அடுத்த பேச்சுவார்த்தையில் நமக்குத்தான் விலை குறையும். உள்ளூர்ப் பிள்ளைகள் தோட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என்று நிருவாகம் அங்கலாய்க்கிறது. மழை பெய்தால் வெட்டு இல்லை, ரப்பர் விலை விழுந்தால் வருமானம் இல்லை என்ற வேலைக்கு யார் பிள்ளைதான் ஆசையோடு வரும்?

மண்டோர் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காலியிடம் விழுந்தால் பெரட்டுக் களத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மரம் வெட்டி அனுபவமுள்ள ஆணோ பெண்ணோ மனுக் கொடுக்கலாம் என்று அதில் இருக்க வேண்டும். பழைய மண்டோரின் மைத்துனருக்கு எந்தத் தடையும் இல்லை. அவரும் வரிசையில் நின்று மனுக் கொடுக்கட்டும்.

கிளைக் காரியதரிசிகள் இப்பொழுதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும், எந்த ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தாய், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பாஷை தெரியாவிட்டால் மலாயில் கேட்கலாம். அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். எழுதுவதற்கு ஆள் இல்லாத கிளைகளில், கிராணிமார் நாங்கள் மாலையில் வந்து எழுதித் தருகிறோம்.